மூடிய விமானத் தளத்தில் வீடு வாங்கலாமா? எண்ணெய் டேங்க், மண், நிலத்தடி நீர்

கேள்வி: பிப்ரவரி 18, 2024
கலிபோர்னியாவின் ஐர்வைனில் கிரேட் பார்க் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த இடம் முன்பு எல் டோரோ விமானத் தளமாக இருந்ததாம். விற்பனை அலுவலகத்தில் கேட்டால், "டேங்க் எல்லாம் எப்பவோ எடுத்தாச்சு, ஃபைல் மூடியாச்சு" என்கிறார்கள். மனைவிக்கு மனசு ஒப்பவில்லை, கைக்குழந்தை இருக்கிறது. டேங்கைத் தோண்டி எடுத்துவிட்டால் மண் சுத்தம்தானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 18, 2024, இரவு
டேங்கை எடுத்ததாலேயே மண் சுத்தமாகிவிடாது. அதே சமயம், நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டியது டேங்கைப் பற்றியும் இல்லை. தென் கலிபோர்னியாவில் நிலத்தடி நீர் மாதிரி எடுக்கும் வேலையில் வெகுநாளாக இருக்கிறேன். மூடிய தளங்கள், பழைய பெட்ரோல் பங்குகள், இவைதான் எனக்கு வாய்த்த இடங்கள்.

எல் டோரோ, மரீன் படையின் விமானத் தளம். 1943-ல் தொடங்கி 1999 ஜூலையில் மூடினார்கள். மண்ணுக்கடியில் நூற்றுக்கணக்கான டேங்குகள் இருந்தன: விமான எரிபொருள், டீசல், கழிவு ஆயில். ஆனால் 1990-ல் அந்த இடம் சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது மிக மோசமாக மாசுபட்ட இடங்களுக்கான அமெரிக்க மத்திய அரசின் பட்டியலில், ஏறியதற்குக் காரணம் எண்ணெய் இல்லை, டிசிஇ. முழுப்பெயர் டிரைகுளோரோஎத்திலீன், விமான பாகங்களில் ஒட்டிய கிரீஸைக் கழுவும் கரைப்பான். 1985-ல் தளத்துக்கு வெளியே ஒரு பாசனக் கிணற்றில் அது தென்பட்டது. தடம் பிடித்துப் போனபோது 296, 297 என்று எண்ணிட்ட இரண்டு பெரிய ஹேங்கர்களில் (விமானக் கொட்டகைகளில்) போய் நின்றது. அங்கிருந்து சுமார் 3 மைல் தூரம் நிலத்தடியிலேயே பரவியிருந்தது.

பெட்ரோல், டீசல், ஜெட் எரிபொருள் எல்லாம் நீரில் மிதக்கும். டிசிஇ நீரைவிடக் கனம். களிமண் அடுக்கின் பள்ளங்களில் இறங்கித் தங்கி, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் உங்கள் விற்பனை அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இந்த மனைக்கு அடியில் மண்ணுக்குள் இருக்கும் ஆவியை மாதிரி எடுத்துச் சோதித்தார்களா, எப்போது, எத்தனை அடி ஆழத்தில்?"

பிப்ரவரி 19, 2024
எந்த ஃபைலை மூடினார்கள் என்பதையும் கேளுங்கள். ஒரே தளத்துக்கு இரண்டு வரிசை ஃபைல்கள் உண்டு.

1980-ல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம், "அபாயப் பொருள்" என்ற பட்டியலிலிருந்து பெட்ரோலியத்தை விலக்கி வைத்திருக்கிறது. கச்சா எண்ணெயும் அதிலிருந்து பிரித்த பெட்ரோலும் டீசலும் கசிந்தால் மத்திய அரசின் சூப்பர்ஃபண்ட் கைக்குள் வராது. டேங்க் கசிவை மாநில நீர்த்தர வாரியம் பார்க்கும். எல் டோரோவுக்கு சாண்டா அனா வட்டார வாரியம். டிசிஇ, பிசிபி (பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த நச்சு ரசாயனம்), குப்பைக்குழி போன்றவை சூப்பர்ஃபண்ட் வழியாகப் போகும். விற்பனையாளர் காட்டுவது டேங்க் ஃபைலின் மூடல் கடிதமாக இருக்கும். அது உண்மையான கடிதம்தான். ஆனால் பக்கத்து அலமாரியில் இருக்கும் இன்னொரு ஃபைலைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசாது.

இரண்டையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். டேங்க் ஃபைல்கள் ஜியோட்ராக்கர் என்ற மாநில இணையதளத்தில் இருக்கும், மற்றவை என்விரோஸ்டோரில். முகவரியைப் போட்டால் வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டும். புள்ளியைச் சொடுக்கி ஆவணப் பட்டியலுக்குப் போங்கள், கடைசியாக வந்த அறிக்கையை எடுங்கள். முன்னுரையை விட்டுவிட்டு அட்டவணைகளையும் வரைபடத்தையும் முதலில் பாருங்கள்.

பிப்ரவரி 21, 2024
டேங்க் எடுப்பது எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் மிச்ச எண்ணெயை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு உள்ளே உலர்பனிக்கட்டி போடுவார்கள். அது ஆவியாகி உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் தீப்பிடிக்காது. அளவுமானி பாதுகாப்பான எண்ணைக் காட்டும்வரை யாரும் சங்கிலியைத் தொட மாட்டார்கள். அப்புறம்தான் பொக்லைன் தூக்கும். மண் விலகும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். நல்ல மண் பழுப்பாக இருக்கும். எண்ணெய் பட்ட மண் சாம்பலும் பச்சையும் கலந்து ஈயம் பூத்த மாதிரி இருக்கும்.

பழைய இரும்பு டேங்கில் ஓட்டை எங்கே விழும் தெரியுமா? எண்ணெய் ஊற்றும் குழாய்க்கு நேர் கீழே. எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க தினமும் அளவுகோலை அந்தக் குழாய் வழியாகத்தான் இறக்குவார்கள். தினமும் ஒரே இடத்தில் தட்டித் தட்டி அடித்தகடு தேய்ந்து, அங்கிருந்தே துரு தொடங்கும். பிற்காலத்தில் அந்த இடத்தில் கூடுதலாக ஒரு தகடு வைத்துக் கட்டினார்கள்.

ஆனால் நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை டேங்கில் இல்லை, குழாயிலும் இணைப்புகளிலும்தான். ராணுவத் தளத்தில் இது இன்னும் மோசம். ஓடுபாதை ஓரமாக மைல்கணக்கில் எரிபொருள் குழாய் ஓடும். டேங்க் எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். குழாய் எங்கே திரும்பியது என்பது ஓய்வுபெற்றுப் போன யாரோ ஒருவருக்கு மட்டும் தெரியும். டேங்க் மூடல் அறிக்கையைப் படிக்கும்போது குழாய்த் தடம் நெடுகவும் மாதிரி எடுத்தார்களா என்று பாருங்கள். டேங்கின் இரு முனைக்குக் கீழே மட்டும் இரண்டு மாதிரி எடுத்துவிட்டு மூடிய ஃபைல்கள் நிறைய உண்டு.

பிப்ரவரி 22, 2024
"எல்லா மண்ணையும் அள்ளிக் கொட்டிவிட்டால் என்ன?" என்றால், மேலே பத்திருபது அடிக்கு அள்ளலாம். அதற்குக் கீழே போனால் செலவு மட்டும் பிரச்சினை இல்லை, அள்ளிய மண்ணை இன்னொரு ஊரில் கொட்ட வேண்டும். அந்த ஊரிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். எல் டோரோ ஹேங்கர்களுக்கு அடியில் மண்ணுக்குள் குழாய் இறக்கி, வெற்றிடம் போட்டு ஆவியாக உறிஞ்சினார்கள். டிசிஇ எளிதில் ஆவியாகும், அதனால் அந்த முறை நன்றாகவே வேலை செய்யும். நிலத்தடி நீரைத் தனியாகப் பம்ப் செய்து சுத்திகரிக்கிறார்கள். டிசிஇ பரவிய பகுதியில் எடுத்துச் சுத்திகரித்த நீர் தோட்டத்துக்கும் புல்வெளிக்கும் போகிறது, குடிநீருக்கு இல்லை. குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பயப்படுபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மார்ச் 3, 2024
இந்தப் பக்கத்துத் தமிழர்கள் எல்லாரும் ஆர்ட்டீசியாவில் பயனீர் தெருவுக்குப் போய் மளிகை வாங்கியிருப்போம். அதற்கு அடுத்த ஊர் நார்வாக். அங்கே சுமார் 50 ஏக்கரில் 12 பெரிய டேங்குகளோடு ராணுவ எரிபொருள் கிடங்கு ஒன்று இருந்தது. தென் கலிபோர்னியா விமானத் தளங்களுக்கு அங்கிருந்துதான் ஜெட் எரிபொருள் போனது. எல் டோரோவுக்குக் குழாய் வழியாக. இப்போது டேங்குகள் இல்லை. ஆனால் வேலி இருக்கிறது, கண்காணிப்புக் கிணறுகள் இருக்கின்றன.

மூடிய தளம் என்றதும் எல்லாரும் ஓடுபாதையையே நினைக்கிறார்கள். ஓடுபாதைக்கு எண்ணெய் அனுப்பிய இந்த மாதிரி இடங்கள் ஊருக்கு நடுவில், பள்ளிக்கும் பூங்காவுக்கும் பக்கத்தில் கிடக்கின்றன. நார்வாக்கில் ஓரமாகத் தனியார் குழாய் ஒன்றும் போகிறது. கிடங்கிலும் கசிந்தது, அந்தக் குழாயிலும் கசிந்தது. மண்ணுக்குள் இரண்டும் கலந்த பிறகு யார் எண்ணெய், யார் செலவு என்று பிரிப்பதற்கே வருஷங்கள் ஓடின. அங்கே குடியிருப்பவர்களும் அதிகாரிகளும் சேர்ந்து உட்காரும் ஆலோசனைக் குழு உண்டு. மாலையில் மேசை போட்டு, வரைபடம் விரித்து நடக்கும் அந்த மாதிரிக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஒரு பாட்டி என்றைக்குக் கொல்லையில் நாற்றம் வந்தது, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். பொறியாளர்கள் அவர் நோட்டை வாங்கிப் படமெடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். உங்கள் தெருவுக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும்.

மார்ச் 9, 2024
ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா மண்ணிலேயே இருக்கிறது. 1995-ல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் கலிபோர்னியாவின் டேங்க் கசிவு ஃபைல்களை அலசிப் பார்த்தது. பெரும்பாலான இடங்களில் பென்சீன் (பெட்ரோலில் இருக்கும் நச்சு) ஒரு குறிப்பிட்ட தூரம் பரவியதும் நின்றுவிடுகிறது, நாளடைவில் சுருங்கவும் செய்கிறது என்று சொன்னது. அதன் பிறகு "ஆபத்துக் குறைந்த" டேங்க் ஃபைல்களை மூடும் போக்கு வளர்ந்தது. 2012-ல் மாநிலம் அதற்கென்றே கொள்கை வகுத்தது. கொஞ்சம் எண்ணெய் மண்ணில் இருக்கும்போதே ஃபைலை மூடலாம். அது சட்டப்படி சரி, அறிவியல்படியும் பெரும்பாலும் சரி.

ஆனால் அந்த 1995 முடிவின் ஈரம் காய்வதற்குள் எம்டிபிஇ பிரச்சினை தெரியவந்தது. முன்பு பெட்ரோல் நன்றாக எரியச் சேர்த்த பொருள் அது. பாக்டீரியாவுக்கு அது லேசில் செரிக்காது, நீரில் கரைந்து வேகமாக ஓடும். 1996-ல் சாண்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகளை மூட வேண்டியதானது. போர்ட் வைனீமி கடற்படைத் தளத்துப் பெட்ரோல் பங்கில் 1984, 85-ல் சுமார் 11,000 கேலன் கசிந்தது. பென்சீன் பங்குக்குப் பக்கத்திலேயே நின்றுவிட, எம்டிபிஇ மட்டும் கிட்டத்தட்ட ஒரு மைல் ஓடியது.

அதனால் மூடல் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். 1996-க்கு முன்பு மூடிய ஃபைல் என்றால் எம்டிபிஇ சோதித்திருக்க வாய்ப்புக் குறைவு. எதைத் தேடவில்லையோ அது அறிக்கையில் இருக்காது.

மார்ச் 10, 2024
மாதிரி எடுப்பவர்கள்மேல் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்று கேட்பவருக்கு.

பென்சீன், டிசிஇ சோதனைக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பி. அடியில் சில சொட்டு அமிலம் முன்பே இருக்கும். நீரை ஓரமாகச் சரியவிட்டு, வாய்விளிம்புக்கு மேல் நீர் குமிழாக எழும்பி நிற்கும்வரை நிரப்ப வேண்டும். மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காற்றுக்குமிழி மேலே ஓடினால் அந்தக் குப்பி ஆகாது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு குப்பி எடுக்க வேண்டும். ஏனென்றால் டிசிஇ அந்தக் குமிழிக்குள் போய்விடும், ஆய்வகம் குறைந்த எண்ணைச் சொல்லும். குடிநீரில் டிசிஇ-க்கு வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். பென்சீனுக்குக் கலிபோர்னியாவில் 1. வெயிலில் குந்தி உட்கார்ந்து எடுக்கும்போது சோம்பல்பட்டால் ஒரு தெருவின் தலையெழுத்து மாறிவிடும்.

வேண்டுமென்றே மாற்றியவர்களும் உண்டு. சான்பிரான்சிஸ்கோ ஹண்டர்ஸ் பாயின்ட் கப்பல் தளத்தில் கதிரியக்கச் சோதனைக்கான மண்ணை எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல், சுத்தமான இடத்து மண்ணை அனுப்பினார்கள். ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர்கள் இருவருக்கு 2018-ல் தலா 8 மாதச் சிறை. நான் மதிக்கும் தொழில் இது. அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதும் ஒரு குழுவில் புதிதாக ஆள் சேர்ந்தால் அந்த வழக்கைத்தான் முதலில் சொல்கிறேன்.

மார்ச் 16, 2024
"அதெல்லாம் அந்தக் காலம், இப்போது நவீன டேங்க்" என்று எழுதியவருக்கு: ஹவாயில் ரெட் ஹில் என்ற கடற்படை எரிபொருள் கிடங்கைப் பாருங்கள். 1940-43-ல் மலையைக் குடைந்து 20 டேங்குகள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 1.25 கோடி கேலன் பிடிக்கும். அடியிலிருந்து 100 அடியில் ஹொனலுலுவின் குடிநீர் ஊற்று. 2014-லேயே ஒரு டேங்க் 27,000 கேலன் கசிந்தது. 2021 நவம்பரில் சுரங்கத்துக்குள் ஒரு வண்டி குழாயில் இடித்து எரிபொருள் கொட்டியது. கடற்படையின் குடிநீர்க் கிணற்றில் கலந்தது. அந்தக் குடிநீரை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர். குளித்த குழந்தைகளுக்குத் தோல் தடித்தது, குழாயைத் திறந்தால் பெட்ரோல் வாடை. 2022 மார்ச்சில்தான் மூட உத்தரவு வந்தது. மூடியதோடு முடியவில்லை, இனிமேல்தான் பாறைக்குள் போனதைத் தேட வேண்டும்.

மார்ச் 17, 2024
நம் ஊர் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 2013-ல் தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணறுகளில் டீசல் மிதந்தது ராணுவ டேங்கால் அல்ல, நிலத்தடிக் குழாய்க் கசிவால். மண்ணுக்குள் நடப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

ஏப்ரல் 11, 2024
நேற்று மத்திய சுற்றுச்சூழல் முகமை குடிநீரில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்ற இரண்டு ரசாயனங்களுக்கும் (பிஎஃப்ஏஎஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை) வரம்பு அறிவித்துவிட்டது. லிட்டருக்கு 4 நானோகிராம். இந்த இழையில் இதுவரை பேசிய எல்லாவற்றையும் இது புரட்டிப் போடும்.

விமான எரிபொருள் தீப்பிடித்தால் தண்ணீரால் அணையாது, நுரை அடிக்க வேண்டும். அந்த நுரையில் இருந்தவை இவை. தளங்களில் தீயணைப்புப் பயிற்சி என்றால் குழியில் எண்ணெய் ஊற்றி, கொளுத்தி, நுரையடித்து அணைப்பார்கள். மீண்டும் மீண்டும், பல வருஷம். நியூ ஹாம்ப்ஷயரின் பீஸ் தளத்தை 1991-ல் மூடி, தொழிற்பேட்டையாக்கி, குழந்தைகள் காப்பகம்கூட வைத்தார்கள். 2014 மே மாதம் அங்கே ஹேவன் கிணற்றை மூடினார்கள். அதில் பிஎஃப்ஓஎஸ் லிட்டருக்கு 2,500 நானோகிராம், நேற்றைய வரம்பைப் போல 600 மடங்குக்கும் மேல். மிச்சிகனின் வர்ட்ஸ்மித் தளம் 1993-ல் மூடியது, அங்கும் இதே பொருள். இரண்டு இடத்திலும் எண்ணெய்க்கும் கரைப்பானுக்கும் வருஷக்கணக்கில் வேலை நடந்தது. நுரையை யாரும் தேடவில்லை.

எல் டோரோவிலும் தீயணைப்புப் பயிற்சிக் குழிகள் இருந்தன. உங்கள் மனை அந்தக் குழியிலிருந்து எவ்வளவு தூரம், நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். நீங்கள் அந்த நீரைக் குடிக்கப் போவதில்லை. இவை டிசிஇ போல வீட்டுக்குள் ஆவியாக ஏறுவதும் பெரிதாக இல்லை. ஆகவே பதறத் தேவையில்லை, தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 20, 2024
ஐர்வைனுக்குப் பக்கத்து ஊரான டஸ்டினில் மூடிய தளத்து ஹேங்கர் பற்றி ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். எழுதவே கை வரவில்லை, அதுதான் காரணம். 1942-ல் கட்டிய மர ஹேங்கர், 17 மாடி உயரம். தளத்தை 1999-ல் மூடிய பிறகும் அந்தத் துண்டு கடற்படையிடமே இருந்தது. சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன. 2023 நவம்பர் 7 அன்று தீப்பிடித்து, ஆஸ்பெஸ்டாஸ் கலந்த துண்டுகள் வீட்டுக் கொல்லைகளிலும் பள்ளி மைதானங்களிலும் விழுந்தன. பள்ளிகளை மூடினார்கள். தளத்தை மாற்றிக் கொடுக்கும்போது பிரச்சினை இருக்கும் துண்டுகளை மட்டும் ஒதுக்கி நிறுத்திவிட்டு மற்றதை விற்பார்கள். வீடு வாங்குபவர் தன் மனையின் ஃபைலை மட்டும் பார்க்கிறார். ஒதுக்கி நிறுத்திய துண்டு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, அதில் என்ன நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜூன் 2, 2024
பிப்ரவரி 19 குறிப்பைத் தொடர்ந்து ஒரு சட்ட விஷயம். வக்கீல் நண்பர் ஒருவரிடம் இதை விவரமாகக் கேட்டேன்.

மத்திய அரசு தன் நிலத்தைக் கைமாற்றும்போது பத்திரத்திலேயே உறுதி எழுதித் தர வேண்டும்: தேவையான சுத்திகரிப்பைச் செய்துவிட்டோம், பின்னால் ஏதாவது தெரியவந்தால் நாங்களே வந்து செய்வோம். சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் 120-வது பிரிவு அது. ஆனால் அந்தச் சட்டத்தில் பெட்ரோலியம் விலக்கு என்பதால் டேங்க் கசிவுக்கு அந்த உறுதியை நேரடியாக நீட்ட முடியாது. அந்த ஓட்டையை அடைக்க 1993 நிதியாண்டின் பாதுகாப்புச் சட்டத்தில் 330 என்ற பிரிவு இருக்கிறது. மூடிய தளங்களைப் பெற்றவர்கள்மேல் வழக்கு வந்தால் ஈடு கொடுப்பதைப் பற்றியது. பெட்ரோலியமும் அதில் சேரும். ஆனால் பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கொல்லையில் தோண்டும்போது நாற்றமடிக்கும் மண்ணோ பழைய குழாயோ வந்தால், தொழிலாளியை விட்டு மூடச் சொல்லாதீர்கள். படமெடுத்து, தேதி போட்டு, அன்றே எழுதி அனுப்புங்கள்.

செப்டம்பர் 14, 2024
கண்காணிப்புக் கிணற்றில் எண்ணெய் மறைந்துவிட்டது என்று அறிக்கை சொன்னால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். நீர்மட்டம் ஏறினால் எண்ணெய் மண்துளைகளுக்குள் அமுங்கிவிடும், கிணற்றில் வெறும் நீர்தான் தெரியும். வறட்சியில் மட்டம் இறங்கினால் திரும்ப வந்து மிதக்கும். எங்கள் கருவியைக் கிணற்றுக்குள் இறக்கினால் நீரில் விட்டுவிட்டுக் கத்தும், எண்ணெயில் விடாமல் கத்தும். 2012-16 வறட்சியில் பல வருஷம் அமைதியாக இருந்த கிணறுகளில் அந்த விடாத சத்தத்தைக் கேட்டேன். அறிக்கையில் எண்ணெய் அட்டவணைக்குப் பக்கத்திலேயே நீர்மட்ட அட்டவணை இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

மே 18, 2025
கேள்வி கேட்டவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார், இங்கே எழுதலாம் என்றார். வீடு வாங்கிவிட்டார்கள். டேங்க் ஃபைல், கரைப்பான் ஃபைல் இரண்டையும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். ஆவி மாதிரி எடுத்த தேதியும் ஆழமும் கிடைத்திருக்கிறது, எண்கள் வரம்புக்குள். அந்த அம்மாவுக்கு மனசு ஒப்பாததால்தான் இவ்வளவும் படித்தார்கள்.

பிஎஃப்ஏஎஸ் பற்றி ஒரு மாற்றம். இந்த வாரம் முகமை அந்த 4 நானோகிராம் வரம்பை வைத்துக்கொள்வதாகவும், குடிநீர் வாரியங்கள் அதைப் பின்பற்ற வேண்டிய கெடுவை 2029-லிருந்து 2031-க்குத் தள்ளப் போவதாகவும் சொல்லியிருக்கிறது. தளங்களில் நடக்கும் வேலையின் வேகமும் இதனால் தளரும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வாங்கியவர்களுக்கு இனி வேண்டியது ஐந்தாண்டு மறுஆய்வு. மாசு மிச்சமிருக்கும் சூப்பர்ஃபண்ட் இடங்களில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எழுதியாக வேண்டும். அதில் "பாதுகாப்பானது", "குறுகிய காலத்துக்குப் பாதுகாப்பானது" என்று வேறு வேறு தீர்ப்புகள் வரும். இரண்டாவது வந்தால் ஏன் என்று அதே பக்கத்தில் காரணம் இருக்கும், அடுத்து செய்ய வேண்டியதும் தேதியும் இருக்கும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். சுத்திகரிப்புத் திட்டத்தையே மாற்ற முன்மொழிந்தால் பொதுமக்கள் கருத்துக்குக் குறைந்தது 30 நாள் கொடுப்பார்கள். அதற்குள் எழுத்தில் போய்ச் சேர்ந்த கேள்விக்கு அவர்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்கள் கேள்வியைத் தமிழில் இங்கே போடுங்கள், நான் எழுதித் தருகிறேன்.